ஏழெட்டு ஐம்பத்தாறு

ஏழாம் வாய்ப்பாட்டைப் பத்து தடவை எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிற நாளில், மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் பென்சிலைக் கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள். நோட்டை விடுங்கள், பென்சில் போகிற திசையைப் பாருங்கள். முதலில் ஒரு 7, அதற்குக் கீழே ஒரு 7, அதற்கும் கீழே ஒரு 7 என்று பத்து ஏழுகள் வரிசையாக இறங்கும். மறுபடி மேலே போய்ப் பத்துப் பெருக்கல் குறி. அப்புறம் 1 முதல் 10. அப்புறம் பத்துச் சமக்குறி. விடை வருவது கடைசியில். அதுவும் மேலிருந்து கீழே, ஏழோடு ஏழைக் கூட்டிக் கூட்டி 7, 14, 21, 28 என்று இறங்குகிறது. இரண்டாவது தடவை எழுதும்போது கூட்டவும் தேவையில்லை, பக்கத்திலேயே விடை இருக்கிறது, பார்த்து எழுதிவிடலாம். ஒன்பதாம் வாய்ப்பாடு என்றால் இன்னும் சுலபம்: பத்தாம் இடத்தில் 0 முதல் 9 வரை மேலிருந்து கீழே, ஒன்றாம் இடத்தில் அதையே கீழிருந்து மேலே எழுதினால் வேலை முடிந்தது. நூறு வரி எழுதிக் கை வலித்திருக்கும். ஏழு, எட்டு, ஐம்பத்தாறு என்கிற மூன்றும் அந்தப் பிள்ளையின் மனதில் ஒரு தடவைகூட ஒன்றாகச் சந்தித்திருக்காது.

பிள்ளை ஏமாற்றவில்லை. எந்தப் பிள்ளையும், எந்தப் பெரியவரும், ஒரே மாதிரி வேலை நூறு தடவை வந்தால் கை பழகிய சுலபமான வழியில்தான் போவார். தப்பு வேலையில் இருக்கிறது. மறுநாள் காலையில் வேன் வருவதற்குள் அம்மாயி வாசலில் நிறுத்தி, "ஆறேழு எத்தன கண்ணு?" என்று கேட்டால் பேத்தி அண்ணாந்து பார்ப்பாள். உதடு மட்டும் அசையும். ஏழு, பதினாலு, இருபத்தொண்ணு, இருபத்தெட்டு... வேன் ஆரன் அடிக்கிற சத்தத்தில் விட்டுப்போகும், மறுபடி முதலில் இருந்து. "நேத்துதான அம்மிணி பத்து தடவ எழுதுன?" என்று அம்மாயிக்கு வருத்தம். எழுதியது உண்மை, தெரியாததும் உண்மை. இந்த இரண்டும் எப்படி ஒரே வீட்டில் இருக்கின்றன என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

வாய்விட்டுச் சொல்வதிலும் இதே சிக்கல் வேறு உருவத்தில் இருக்கிறது. கோவையிலோ ஈரோட்டிலோ ஏதாவது ஓர் ஆங்கில வழிப் பள்ளியின் சுற்றுச்சுவரை ஒட்டி நடந்தால் "டூ ஒன்ஸார் டூ, டூ டூஸார் ஃபோர்" என்று நாற்பது குரல் சேர்ந்து கேட்கும். அந்த ‘ஸார்’ (‘ஒன்ஸ் ஆர்’ என்பது ஒட்டிப்போனது) என்னவென்று கேட்டால், வகுப்பில் நிற்கிற சாரைச் சொல்வதாக நம்புகிற பிள்ளைகள் உண்டு. ராகம் இருக்கிறது, வரிசை இருக்கிறது. ஒரு வரி அடுத்த வரியை இழுத்துக்கொண்டு வருகிறது. பாட்டின் நடுவில் ஓர் அடியை மட்டும் தனியாகக் கேட்டால் நமக்கும்தான் பல்லவியில் இருந்து பாடிப் பார்த்தால்தான் வரும். வரிசையாக ஒப்பிப்பது கெட்ட பழக்கம் என்று சொல்ல வரவில்லை. முதல் இரண்டு வாரம் அது நல்ல கைப்பிடி. பிறகும் அதையே பிடித்துக்கொண்டு நின்றால், தெரியாதவை எல்லாம் அந்த வரிசைக்குள்ளேயே போய் ஒளிந்துகொள்கின்றன.

மனப்பாடமே வேண்டாம், புரிந்தால் போதும் என்று சொல்கிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. 347 × 6 போடுகிற பிள்ளை ஒவ்வொரு அடியிலும் ஏழை ஆறு தடவை கூட்ட உட்கார்ந்தால், கைக்குச் சேர்த்த 4 என்ன ஆனது, எந்த இடத்தில் நிற்கிறோம் என்பதெல்லாம் அதற்குள் நழுவிவிடும். ஒரே நேரத்தில் மனதில் பிடித்து வைத்துக்கொள்கிற இடம் பெரியவர்களுக்கே குறைவு. அடிப்படைக் கூட்டலும் பெருக்கலும் தானாக வந்து விழுந்தால்தான், அந்தச் சின்ன இடம் கணக்கைப் பற்றி யோசிக்க மிஞ்சும். மனப்பாடம் அவசியம். எதை, எந்த வரிசையில், ஒரு நாளைக்கு எவ்வளவு என்பதில்தான் நாம் தவறுகிறோம்.

எவ்வளவுதான் இருக்கிறது?

பெற்றோருக்கும் பிள்ளைக்கும் மலைப்பு வருவது அளவு தெரியாததால்தான். வாய்ப்பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினால் பக்கம் பக்கமாக இருக்கிறது. உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள்.

ஒன்று முதல் ஒன்பது வரை உள்ள எண்களை ஒன்றோடொன்று கூட்டினால் 81 கூட்டல். 3 + 8 தெரிந்தால் 8 + 3 தெரிந்ததுதான், அதனால் 45. ஒன்றைக் கூட்டுவது அடுத்த எண், இரண்டைக் கூட்டுவது அதற்கடுத்த எண். இதில் 17 போய்விடும், மீதி 28. மூன்றும் மூன்றும், நாலும் நாலும் என்று ஒன்பது வரை இரட்டைகள் 7, இவை பிள்ளைகளுக்குச் சீக்கிரம் வரும். மீதி 21. பத்துக்கு ஜோடி சேர்க்கிறதில் 3 + 7, 4 + 6 இரண்டும் போனால் 19. ஒன்பதோடு கூட்டுவது ஆறு (ஒன்பதுக்கு ஒன்றைக் கொடுத்துப் பத்தாக்கிவிட்டால் மற்றது எளிது), மீதி 13. இரட்டைக்குப் பக்கத்தில் நிற்பவை, அதாவது 6 + 7 போல ஆறும் ஆறும் பன்னிரண்டு, இன்னொன்று பதிமூன்று என்று வருபவை, ஐந்து. மீதி 8. எட்டோடு கூட்டுவதில் நாலு. கடைசியில் எந்த வழியிலும் சேராமல் நிற்பவை நாலே நாலு: 3 + 5, 3 + 6, 4 + 7, 5 + 7. ஓரிலக்க எண்களின் கூட்டல் மொத்தமும் இவ்வளவுதான்.

பெருக்கலும் அப்படியே. 2 முதல் 9 வரை 64, திருப்பிப் போட்டாலும் ஒன்றே என்பதால் 36. இரண்டாம், ஐந்தாம் வாய்ப்பாடுகளை எடுத்துவிட்டால் 21. ஒன்பதைப் பத்து மடங்கில் ஒன்றைக் குறைத்துச் சொல்லலாம் (ஒன்பதேழு என்றால் எழுபதில் ஏழு போக 63), எடுத்தால் 15. மூமூன்று, நாநான்கு, ஆறாறு, ஏழேழு, எண்ணெட்டு என்கிற ஐந்தும் காதிலேயே ஒட்டிக்கொள்ளும். மீதி பத்து: 3×4, 3×6, 3×7, 3×8, 4×6, 4×7, 4×8, 6×7, 6×8, 7×8. ஆண்டுக்கணக்கில் வீட்டில் அழுகையும் அதட்டலும் நடப்பது இந்தப் பத்துக்காகத்தான். ஒரு வெள்ளைத்தாளில் இந்தப் பத்தையும் எழுதி, "இவ்வளவுதான் பாக்கி, கண்ணு" என்று காட்டுங்கள். நாலாம் வகுப்புப் பிள்ளையின் முகம் அப்போது மாறுவதைப் பார்க்க வேண்டும்.

முட்டை அட்டையும் புளியங்கொட்டையும்

மனப்பாடத்துக்கு முன்னால் கையும் கண்ணும் வேலை செய்ய வேண்டும். இதற்குக் கடையில் வாங்க ஒன்றுமில்லை. நாமக்கல்லில் இருந்து வருகிற முட்டை அட்டையில் 30 குழி, ஆறு வரிசை, வரிசைக்கு ஐந்து. இரண்டு இரண்டு வரிசையாக வெட்டினால் ஓர் அட்டையில் மூன்று துண்டு, துண்டுக்குப் பத்துக் குழி. இரண்டு துண்டு பிள்ளைக்கு, ஒன்று கிழிந்தால் மாற்றுவதற்கு. சமையலறைப் புளியில் இருந்து 20 கொட்டையைக் கழுவிக் காயவையுங்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் எண்ணி எடுத்து, எண்ணி வைக்க வேண்டும். கொட்டை வாய்க்குள் போய்விடும்.

ஒரு துண்டில் எட்டுக் கொட்டை போடச் சொல்லுங்கள். மேல் வரிசை நிறைந்து ஐந்து, கீழ் வரிசையில் மூன்று, காலியாக இரண்டு குழி. இந்தக் காலிக் குழி இரண்டும் கண்ணில் படிய வேண்டும். இப்போது எட்டோடு ஐந்து. இன்னொரு துண்டில் ஐந்து போட்டு, அதில் இருந்து இரண்டை எடுத்துக் காலிக் குழியை நிரப்பினால் முதல் துண்டு பத்து, அடுத்ததில் மூன்று. பத்தும் மூணும் பதிமூணு. இந்த இடத்தில் தமிழ் நமக்குச் செய்கிற உபகாரத்தைக் கவனிக்க வேண்டும். பதிமூணு என்ற சொல்லுக்குள்ளேயே பத்தும் மூணும் இருக்கின்றன. பதினாலு, பதினஞ்சு, பதினாறு எல்லாம் அப்படியே. தர்ட்டீன் என்கிற சொல்லில் பத்து எங்கே இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரியாது, போதாக்குறைக்கு தர்ட்டியோடு குழம்பவும் செய்யும். 13 எழுதச் சொன்னால் 30 எழுதுகிற பிள்ளைகள் ஆங்கில வழி வகுப்புகளில் உண்டு. எந்த வழியில் படித்தாலும், இந்தக் குழி வேலையைத் தமிழில் செய்யுங்கள். பள்ளியில் சொல்ல வேண்டிய சொல்லை இரண்டு மாதம் கழித்து மேலே ஒட்டிக்கொள்ளலாம்.

பத்துக்கு ஜோடி சேர்ப்பதற்குத் தாயம் ஆடுகிற வீட்டின் பழக்கமே போதும். தாயக்கட்டை இல்லாதபோது புளியங்கொட்டையின் ஒரு பக்கத்தைத் திண்ணையில் தேய்த்து வெள்ளையாக்கி உருட்டுவார்கள் இல்லையா, அதே மாதிரி பத்துக் கொட்டை தேய்த்துக்கொள்ளுங்கள். குலுக்கிப் போட்டால் ஆறு வெள்ளை, நாலு கருப்பு. சொல்லட்டும். மறுபடி குலுக்கினால் ஏழும் மூணும். நாலைந்து நாள் கழித்து, விழுந்ததும் கருப்பை மட்டும் உள்ளங்கையால் மூடிக்கொண்டு, "வெள்ள ஏழு. கைக்குள்ள எத்தன?" என்று கேளுங்கள். கழித்தல் இங்கேயே தொடங்கிவிடுகிறது, அதற்குத் தனியாக ஒரு வாய்ப்பாடு வேண்டியதில்லை. 13 − 8 என்பதையும் "எட்டோட எத்தன சேந்தா பதிமூணு?" என்று கேட்டால் பிள்ளைக்குக் கூட்டலிலேயே விடை கிடைக்கும்.

விரல் விட்டு எண்ணுகிறதே என்று அதட்ட வேண்டாம். விரலைப் பிடுங்கினால் பிள்ளை மேசைக்கு அடியில் எண்ணும், அவ்வளவுதான். ஒன்று மட்டும் கவனியுங்கள். 8 + 5க்கு 12 என்று சொன்னால், எண்ணத் தொடங்கிய இடம் தப்பு. முதல் விரலை நீட்டும்போதே ‘எட்டு’ என்று சொல்லியிருக்கும். எட்டு, ஒன்பது, பத்து, பதினொண்ணு, பன்னெண்டு, ஐந்து விரல் ஆகிவிட்டது. விடை எப்போதும் ஒன்று குறைந்தே வருகிற பிள்ளைக்கு நூறு கணக்கு கொடுத்தாலும் நூறிலும் ஒன்று குறையும். எட்டை நெஞ்சில் தட்டி வைத்துவிட்டு, "ஒன்பது" என்று முதல் விரலை நீட்டச் சொல்லுங்கள். ஒரே நாளில் சரியாகிற தவறு இது. பார்க்க ஆளில்லாமல் ஆண்டுக்கணக்கில் ஓடுகிறது.

பெருக்கலுக்கு முழு முட்டை அட்டை. நாலு வரிசை நிரப்பினால் நாலைந்து இருபது. அட்டையைத் திருப்பி வையுங்கள், ஐந்து வரிசையில் நாலு நாலு. எந்தப் பக்கத்தில் நின்று பார்த்தாலும் முட்டை அதே முட்டைதான். பொள்ளாச்சிப் பக்கம் இருப்பவர்கள் தோப்புக்குக் கூட்டிப் போகலாம். 25 அடிக்கு ஒன்றாக நட்ட தென்னை, வாய்க்காலில் நின்று பார்த்தால் எட்டு வரிசை, வரிசைக்கு ஆறு. கிணற்று மேட்டில் ஏறிப் பார்த்தால் ஆறு வரிசை, வரிசைக்கு எட்டு. இதைக் கண்ணால் பார்த்த பிள்ளைக்கு 6×8, 8×6 என்று இரண்டு அட்டை தேவைப்படாது. மூன்றாம் வாய்ப்பாடு கையிலேயே இருக்கிறது: விரலுக்கு மூன்று கணு, கட்டைவிரலை விட்டுவிட்டால் ஒரு கையில் பன்னிரண்டு, இரண்டு கையிலும் சேர்த்து 24. மூவெட்டு இருபத்துநாலு.

பத்து நிமிடம், மூன்று டப்பா

பழைய கல்யாணப் பத்திரிகைகளின் கெட்டித் தாளை மூன்று அங்குலத்துக்கு இரண்டு அங்குலமாக வெட்டுங்கள். இரண்டு பக்கமும் அச்சு இல்லாத பகுதியாக இருக்க வேண்டும், எழுத்து தெரிந்தால் பிள்ளையின் கண் அங்கே போகும். ஒரு பக்கம் 6 × 7, மறுபக்கம் 42. அட்டை தயாரிப்பதைப் பிள்ளையே செய்யட்டும், விடையை மட்டும் நீங்கள் ஒருமுறை சரிபாருங்கள். தப்பு விடையோடு ஓர் அட்டை ஒரு வாரம் சுற்றினால் அழிக்க ஒரு மாதம் ஆகும்.

ஒரு நாளைக்கு ஒரே ஒரு புது அட்டை. அதோடு நன்றாகத் தெரிந்த ஒன்பது. புதியதைக் காட்டி, விடையைச் சொல்லி, பிள்ளையையும் சொல்லச் செய்யுங்கள். பிறகு தெரிந்ததில் ஒன்று, மறுபடி புதியது. தெரிந்ததில் இரண்டு, மறுபடி புதியது. தெரிந்ததில் மூன்று, மறுபடி புதியது. இப்படி இடைவெளி கூடிக்கொண்டே போய் ஒன்பதையும் தாண்டிப் புதிய அட்டை வரும்போது விடை வந்துவிட்டால் அன்றைய வேலை முடிந்தது. ஒன்பது தெரிந்தவை நடுவில் இருப்பதால் பிள்ளைக்குச் சோர்வு வராது. நிறையப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். தெரியாத பத்தை எடுத்து வைத்துக்கொண்டு, "தெரிஞ்சத எதுக்குக் கேக்கோணும்?" என்கிறார்கள். மூன்றாவது அட்டையில் பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொள்ளும், நாலாவதில் தண்ணீர் தாகம் எடுக்கும்.

டப்பா மூன்று வேண்டும். முதல் டப்பாவில் இருப்பவை தினமும். தொடர்ந்து மூன்று நாள் தடுமாறாமல் சொன்ன அட்டை இரண்டாவது டப்பாவுக்குப் போகும். அதைத் திங்களும் வியாழனும் கேட்டால் போதும். அங்கேயும் மூன்று தடவை தேறினால் மூன்றாவதுக்கு, அது ஞாயிற்றுக்கிழமை டப்பா. எந்த டப்பாவில் தடுக்கினாலும் அட்டை முதல் டப்பாவுக்குத் திரும்பும். திட்டாமல், பெருமூச்சு விடாமல் திருப்பிப் போடுங்கள். தடுமாறாமல் என்பதற்கு அளவு, மூன்று முறை விரல் சொடுக்குகிற நேரம். வாய்விட்டு எண்ண வேண்டாம், கடிகாரத்தைக் காட்ட வேண்டாம், உங்கள் மனதுக்குள் எண்ணிக்கொள்ளுங்கள். அதற்குள் விடை வந்தால் நினைவில் இருந்து வருகிறது. அதைத் தாண்டினால் எண்ணிக்கொண்டிருக்கிறது. சரியான விடையாக இருந்தாலும் அந்த அட்டை இன்னும் முதல் டப்பாவில்தான் இருக்க வேண்டும்.

வாரத்துக்குப் புதியவை மூன்று நிலைத்தால் நல்ல வேகம். 36 பெருக்கலுக்குப் பன்னிரண்டு வாரம். ஜூனில் பள்ளி திறந்ததும் தொடங்கினால் காலாண்டுத் தேர்வுக்குள் ஒரு சுற்று வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணி நேரம் உட்காரவைத்து மொத்தமாக முடிக்கலாமே என்றால், மடையைத் திறந்துவிட்டு வாரம் பூராவும் காயப்போடுகிற தோட்டத்துக்கும் சொட்டுநீர் போட்ட தோட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜெர்மனியின் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885இல் வெளியிட்ட நினைவாற்றல் ஆய்வே இதைத்தான் காட்டியது. படித்ததில் பெரும்பகுதி முதல் சில மணி நேரங்களிலேயே நழுவுகிறது, ஒரே மூச்சில் திரும்பத் திரும்பச் செய்வதைவிடப் பல நாட்களுக்குப் பிரித்துச் செய்வது குறைந்த உழைப்பில் நிற்கிறது.

கடைசிப் பத்து

அந்தப் பத்து அட்டைகளுக்குத் தனி மரியாதை செய்ய வேண்டும். ஒன்றோடொன்று குழம்புகிறவற்றை ஒரே வாரத்தில் சேர்க்கக் கூடாது. 7×8க்கு 54 என்றும், 6×9க்கு 56 என்றும் மாறி மாறி வருவது மிகப் பரவலான தவறு. ஒன்று மூன்றாவது டப்பாவுக்குப் போன பிறகே மற்றது வர வேண்டும். 6×7, 6×8 இரண்டும் நாற்பதுகளில் விழுவதால் அவையும் அப்படியே. 3×8, 4×6 இரண்டுக்கும் 24தான் விடை என்பது சில பிள்ளைகளுக்குச் சந்தேகத்தைக் கிளப்பும். "ரெண்டுக்கும் எப்படி ஒரே விடை வரும்?" என்று கேட்டால் சந்தோஷப்பட வேண்டிய கேள்வி, 24 கொட்டையை எடுத்து அடுக்கச் சொல்லுங்கள்.

விடை வராமல் நிற்கும்போது தொற்றிக்கொள்ள ஒரு வழி கொடுக்க வேண்டும். நாலால் பெருக்குவது இரட்டையின் இரட்டை: நாலேழுக்கு 14, 28. எட்டுக்கு இன்னொரு தடவை: 14, 28, 56. ஆறுக்கு ஐந்தோடு ஒன்று: ஐயேழு முப்பத்தைந்து, இன்னொரு ஏழு, 42. ஏழெட்டு ஐம்பத்தாறுக்கு எல்லாரும் ரசிக்கிற ஒரு கைப்பிடி இருக்கிறது: 5, 6, 7, 8 என்று வரிசையாக எழுதினால் 56 = 7 × 8. தமிழில் ‘ஏழெட்டு’ என்றால் ஏழோ எட்டோ என்றும் பொருள். "ஏழெட்டுப் பேர் வந்தாங்க" என்று தினமும் கேட்கிற பிள்ளைக்கு ஏழெட்டு ஐம்பத்தாறு என்பது முதலில் விசித்திரமாக இருக்கும். அந்த விசித்திரத்தை ஒரு நிமிடம் பேசிவிட்டால் அதன் பிறகு அது மறக்காது. அப்படிப் பேசிப் பதிந்தது, பத்துத் தடவை எழுதிப் பதியாததைவிட உறுதியானது.

சுழியத்துக்கு ஒரு வார்த்தை. 6 × 0க்கு 6 என்று எழுதுவது கூட்டலில் இருந்து ஒட்டிக்கொண்டு வருகிற தவறு. ஆறு தட்டு வைத்து, எதிலும் ஒன்றும் போடாமல், "மொத்தம் எத்தன இட்டிலி?" என்று கேட்டால் தீர்ந்தது.

யார் கேட்பது, எப்போது?

திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிற அப்பாவும் அம்மாவும் வீடு திரும்ப இரவு எட்டரை ஆகும். சோமனூர், பல்லடம் பக்கம் தறி ஓடுகிற வீட்டில் அதுவும் நிச்சயமில்லை. பிள்ளையோடு இருப்பது அம்மாயியும் அப்புச்சியும், அல்லது அப்பத்தா. "எங்களுக்குப் படிப்பு வராதுங்க" என்று அவர்கள் ஒதுங்கிக்கொள்வதுதான் பெரிய இழப்பு. அட்டையின் பின்பக்கம் விடை இருக்கிறது, எண் வாசிக்கத் தெரிந்தால் போதும். கேட்கிறவருக்குக் கணக்கு தெரிய வேண்டியதில்லை, பொறுமை தெரிய வேண்டும். பொறுமையில் இந்தப் பெரியவர்களுக்கு நிகர் வீட்டில் வேறு யாரும் இல்லை. பலருக்குக் கணக்கும் தெரியும். திண்ணைப் பள்ளிக்கூடத்து எண்சுவடியில் கால், அரை, முக்காலோடு அரைக்கால் (எட்டில் ஒன்று), மாகாணிக்கும் (பதினாறில் ஒன்று) வாய்ப்பாடு உண்டு. அதன் மிச்சம் அப்புச்சிமாரின் வாயில் இன்னமும் இருக்கிறது. 1957இல் நயா பைசா வரும் வரை ரூபாய்க்குப் பதினாறு அணா, அதனால் பதினாறாம் வாய்ப்பாடு சந்தையில் தினமும் வேண்டியிருந்தது. தைக்கிற அம்மாவுக்கோ டஜன் கணக்கு, பன்னிரண்டாம் வாய்ப்பாடு எழுதாமலே வரும். தினமும் கேட்டதால் வந்தது. பிள்ளையிடம் அதைச் சொல்லுங்கள், சனிக்கிழமை கூலிக் கணக்கைப் பிள்ளையின் எதிரில் போடுங்கள்.

தமிழக அரசின் திட்டங்களான இல்லம் தேடிக் கல்வி 2021இலும், முதல் மூன்று வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் 2022இலும் தொடங்கியபோது, விளையாட்டும் பொருளும் வைத்துக் கணக்கு சொல்லித்தருவது அரசுப் பள்ளிப் பிள்ளைகளிடம் இன்னும் பரவலானது. நல்ல காரியம். ஆனாலும் நாற்பது பிள்ளைகளுக்கு நடுவில் ஒரு டீச்சர் ஒவ்வொரு பிள்ளையின் முதல் டப்பாவில் எந்த அட்டை கிடக்கிறது என்று பார்க்க முடியாது. அதை வீடுதான் பார்க்க வேண்டும்.

நேரம் பத்து நிமிடம், இரண்டு ஐந்தாகவும் பிரிக்கலாம். வேனுக்கு நிற்கும்போது ஐந்து, அடுப்பில் சோறு வேகும்போது ஐந்து. சாப்பிட்ட பிறகு வேண்டாம், கண் சொக்கும். டிவியில் பாட்டு ஓடும்போது வேண்டாம். இன்னும் ஐந்து நிமிடம் கேட்கலாம் என்று உங்களுக்கு ஆசை வருகிற இடத்தில் நிறுத்திவிடுங்கள், நாளைக்குப் பிள்ளையே டப்பாவை எடுத்துக்கொண்டு வரும். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரட்டிப்பாகச் செய்ய வேண்டாம். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு போட்டி வைக்கவே வேண்டாம். வேகம் கடைசியில் வருவது. முதல் வாரமே வேகம் கேட்டால் பிள்ளை எண்ணை விட்டுவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கத் தொடங்கும், வாயில் வந்த எதையாவது சொல்லித் தப்பிக்கப் பழகும். அதன் பிறகு எது தெரியும், எது தெரியாது என்று உங்களுக்கும் தெரியாது, பிள்ளைக்கும் தெரியாது.

எழுத்து வேலை கொடுத்தே ஆக வேண்டிய ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஏழாம் வாய்ப்பாட்டைப் பத்து தடவை கேட்பதற்குப் பதில், வரிசை கலைத்து எட்டே எட்டுக் கேளுங்கள்: 7×4, 7×9, 7×2, 7×7, 7×6, 7×3, 7×8, 7×5. அதில் மூன்றை 28 = 7 × __ என்று திருப்பிப் போடுங்கள். பென்சில் இப்போது மேலிருந்து கீழே இறங்க வழியில்லை. ஒவ்வொரு வரியிலும் இடமிருந்து வலமாகத்தான் போயாக வேண்டும். திருத்தவும் நூறு வரிக்கு எட்டு வரிதான்.

மே மாத விடுமுறைக்குப் பிறகு, பள்ளி திறக்கிற வாரத்தில் மூன்றாவது டப்பாவை மொத்தமாக ஒரு தடவை கொட்டிக் கேளுங்கள். சில அட்டைகள் முதல் டப்பாவுக்குத் திரும்பும், அது இயல்பு, இந்த முறை அவை இரண்டு மூன்று நாளில் மேலேறிவிடும். நிலைத்து நிற்கிறவற்றைத் திருப்பிப் பிடித்து, விடைப் பக்கத்தைக் காட்டிக் கேட்கத் தொடங்குங்கள். "அம்பத்தாறு எங்க வரும், கண்ணு?" வகுத்தலுக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கும். "ஏழெட்டு, அம்மாயி" என்று பதில் வரும். கொஞ்சம் பொறுத்திருந்தால், "எட்டேழும்தான்."